ஜப்பானின் கோயில்களுக்குப் போகும்முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசாகா பக்கம் சில வருடங்களாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து உறவினர்கள், நண்பர்கள், அவர்கள் சொல்லி அனுப்புகிறவர்கள் என்று யார் வந்தாலும் கியோத்தோ, நாரா, இசே என்று கூட்டிப்போவேன். போகும் வழியிலும் திரும்பும் ரயிலிலும் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வெளியூர்க்காரராக வந்து இந்த இடங்களின்மேல் ஆசை வைத்துவிட்டவர் எழுதுவது என்பதால் தகவலோடு என் கருத்தும் கலந்தே வரும்.

பார்ப்பதெல்லாம் கோயில்தானா? ஏன் இரண்டு மூன்று பெயர் சொல்கிறார்கள்?

இரண்டு வகை உண்டு. ஷிந்தோ வழிபாட்டுக்கான இடம் ஜின்ஜா. அங்கே இருப்பவை கமி எனப்படும் தெய்வங்கள். பௌத்தக் கோயிலை ஓதெரா என்பார்கள். வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு தூண்களின்மேல் குறுக்குச் சட்டங்கள் வைத்த, கதவே இல்லாத தோரி வாசல் நின்றால் ஜின்ஜா. ஓடு வேய்ந்த பெரிய வாயில் மண்டபம், ஊதுவத்தி மணம், தொங்கும் பெரிய மணி, பக்கத்தில் கல்லறைகள் என்று இருந்தால் ஓதெரா. பெயரும் காட்டிக்கொடுக்கும்: ஜிங்கூ, தாய்ஷா என்று முடிந்தால் ஷிந்தோ, ஜி, தெரா, இன் என்று முடிந்தால் பௌத்தம்.

ஆனால் இந்தக் கோடு அவ்வளவு பழையதில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக கமியும் புத்தரும் ஒரே வளாகத்தில்தான் இருந்தார்கள். 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. அப்போது பல ஜின்ஜாக்களிலிருந்து புத்தர் சிலைகள் அகற்றப்பட்டன. சில இடங்களில் உடைக்கப்பட்டன. அப்படியும் முழுக்கப் பிரித்துவிட முடியவில்லை. தோக்கியோ அசாகுசாவில் உள்ள சென்சோஜி, கருணையின் வடிவமான கன்னோன் போதிசத்துவருக்கான கோயில். 628இல் ஆற்றில் மீன் பிடித்த இரு சகோதரர்களின் வலையில் சிலை சிக்கியதாக அதன் வரலாறு சொல்கிறது. அந்தச் சகோதரர்களும், சிலையை வைத்துக் கும்பிடத் தன் வீட்டையே கோயிலாக்கியவரும் பக்கத்து அசாகுசா ஜின்ஜாவில் கமியாக இருக்கிறார்கள். அங்கே வருகிற ஜப்பானியர் பலர் இரண்டு இடத்திலும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நான் வேறு மதம். உள்ளே விடுவார்களா?

தாராளமாக. நீங்கள் யார், எதை நம்புகிறீர்கள் என்று இங்கே ஒருவர்கூடக் கேட்டதை நான் பார்த்ததில்லை. இந்த நாட்டுக் கோயில்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். நம்பிக்கையை யாரும் சோதிப்பதில்லை. நடத்தையைத்தான் கவனிக்கிறார்கள்: கை கழுவினாயா, குரலைத் தாழ்த்தினாயா, உனக்குமுன் நிற்கிறவர் கும்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தாயா. இவ்வளவு செய்தால் போதும்.

கும்பிட விருப்பமில்லாதவர்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். தோரிக்குள் நுழைவதே தங்கள் மத வழக்கத்துக்கு ஒத்துவராது என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வெளியே தேநீர்க் கடையில் இருப்பார்கள். அதிலும் ஒரு குறையும் இல்லை.

பெண்களுக்குத் தடை இருக்கிறதா என்றும் கேட்பார்கள். நீங்கள் போகக்கூடிய கோயில்களில் இல்லை. பழைய தடை இன்னும் நீடிக்கும் இடம் என்றால் நாராவின் தெற்கே ஓமினே மலைத்தொடரில் உள்ள சன்ஜோகதாகே சிகரம். அங்கே இன்றும் பெண்களை ஏற விடுவதில்லை. முனகதா கோயிலுக்குச் சொந்தமான ஒகினோஷிமா தீவும் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டதுதான். இப்போது பொதுமக்கள் யாருமே அங்கே போக முடியாது. சன்ஜோகதாகே தடையை எதிர்த்து ஜப்பானியப் பெண்களே குரல் கொடுத்துவருகிறார்கள். அந்தக் குரல் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

செருப்பை எங்கே விடுவது?

நம்மவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஜின்ஜாவில் செருப்போடுதான் நடக்க வேண்டும். கும்பிடும் இடமும் திறந்தவெளியில்தான் இருக்கிறது. ஆனால் கட்டடத்துக்குள் ஏறுகிற இடம் வந்தால், முக்கியமாகப் பௌத்தக் கோயில்களில், கழற்ற வேண்டும். ஒரு படி, ஒரு மர அலமாரி, சில இடங்களில் கையில் எடுத்துப்போக ஒரு பை இருக்கும். ததாமி பாய்மேல் எக்காரணம் கொண்டும் செருப்புக் கால் படக்கூடாது. குளிர்காலத்தில் மரத்தரை ஐஸ்போல இருக்கும், அதனால் கெட்டிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அது எதற்கு?

கை, வாய் கழுவ. இடது கை, அப்புறம் வலது கை. பிறகு இடது உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வாயைக் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும். மறுபடி இடது கையைக் கழுவி, கரண்டியை நிமிர்த்திப் பிடித்தால் மிச்சத் தண்ணீர் காம்பில் வழிந்து, அடுத்தவருக்காக அதையும் கழுவிவிடும். கரண்டியில் நேராக வாய் வைக்கக்கூடாது. கொரோனா காலத்துக்குப் பிறகு பல இடங்களில் கரண்டிகளை எடுத்துவிட்டு, மூங்கில் குழாயில் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அங்கே கையை மட்டும் நீட்டினால் போதும்.

கும்பிடுவது எப்படி?

ஜின்ஜா என்றால்: தோரிக்குமுன் லேசாகக் குனிந்துவிட்டு உள்ளே போங்கள். பாதையின் நடு கமிக்கு உரியது என்பதால் ஓரமாக நடப்பது மரியாதை. சன்னதிக்கு முன்னால் காசுப்பெட்டியில் காணிக்கை போட்டு, மணிக்கயிறு இருந்தால் ஆட்டி, இரண்டு முறை ஆழமாகக் குனிந்து, இரண்டு முறை கை தட்டி, கைகூப்பி மனதில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கடைசியாக ஒருமுறை குனிய வேண்டும். இசுமோ தாய்ஷாவிலும் உசா ஜிங்கூவிலும் நான்கு முறை தட்டுவார்கள்.

பௌத்தக் கோயிலில் கை தட்டக்கூடாது. ஊதுவத்தி ஏற்றி, அமைதியாகக் கைகூப்பினால் போதும்.

தட்டலாமா வேண்டாமா என்று குழம்பினால் முன்னால் நிற்கும் பாட்டி என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் கும்பிடு கொஞ்சம் பிசகினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உள்ளே சாமி எங்கே? ஒன்றுமே தெரியவில்லையே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து, காட்டுப்பாதையில் நடந்து, கடைசியில் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கும்போது நம்மவர்களின் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரியும். தீபாராதனை இல்லை, அலங்காரம் இல்லை, முகம் இல்லை.

ஜின்ஜாவில் பொதுவாக முன்னால் வழிபாட்டு மண்டபம், பின்னால் மூல மண்டபம் என்று இரண்டு உண்டு. மூல மண்டபத்துக்குள் கமி வந்து தங்கும் பொருள் இருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணாடி. வாளாகவோ கல்லாகவோ மணியாகவோகூட இருக்கலாம். அதைப் பக்தர்கள் பார்ப்பதில்லை. துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பூசாரிகளும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. பௌத்தக் கோயில்களிலும் கண்ணுக்குக் காட்டாத சிலைகள் உண்டு. சென்சோஜியின் மூலக் கன்னோன் அப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள நாரா மாவட்டத்தின் ஓமிவா ஜின்ஜாவுக்குப் போய்ப் பாருங்கள். ஜப்பானின் மிகப் பழைய கோயில்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அங்கே மூல மண்டபமே கிடையாது. வழிபாட்டு மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தோரிகள் ஒட்டி நிற்கும்; அதற்குப் பின்னால் 467 மீட்டர் உயரமுள்ள மிவா மலை. அந்த மலைதான் கமி. திருவண்ணாமலையில் மலையையே சிவன் என்று கும்பிட்டுப் பழகிய ஒருவருக்கு அங்கே விளக்கம் எதுவும் தேவைப்படாது. மலையில் ஏற அனுமதி உண்டு, ஆனால் விதிகள் கடுமை. சாய் ஜின்ஜாவில் பெயர் எழுதிப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, வெள்ளைப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். மேலே சாப்பிடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. வளாகத்தில் ஒரு பழைய தேவதாரு மரம் நிற்கிறது. அந்தக் கமி பாம்பு வடிவில் அதில் இருப்பதாக நம்பி, அதன் முன்னால் பச்சை முட்டையும் சாக்கே மதுவும் படைக்கிறார்கள். வேலியில்லாத கிராமத்துப் பக்தியை ஜப்பானில் பார்க்க வேண்டும் என்றால் நான் காட்டுவது அந்த மரத்தடியைத்தான்.

இசேயில் பார்க்க என்ன இருக்கிறது? அங்கேயும் திரைதான் என்கிறார்களே?

ஆமாம், திரைதான். ஆனாலும் ஒரே ஒரு கோயிலுக்கு மட்டும் போக முடியும் என்றால் நான் இசே ஜிங்கூவைத்தான் சொல்வேன்.

மியே மாவட்டத்தில் இருக்கும் இசே ஒரு கோயில் இல்லை, 125 கோயில்களின் தொகுப்பு. முக்கியமானவை இரண்டு: சூரிய தேவி அமதெராசுவின் உள்கோயில், உணவுக்குத் தெய்வமான தோயோஉகேயின் வெளிக்கோயில். முதலில் வெளிக்கோயில், பிறகு உள்கோயில் என்பது வழக்கம். இரண்டுக்கும் இடையில் பேருந்தில் கால் மணி நேரம், கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

20 வருடத்துக்கு ஒருமுறை இங்கே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலிமனை இருக்கும். அதில் அதே அளவு, அதே மரம், அதே இணைப்புகளோடு புதுக் கோயில் எழும்பும். ஓர் இரவில் தெய்வத்தை அங்கே கொண்டுபோய், பழையதைப் பிரித்துவிடுவார்கள். ஜிதோ பேரரசியின் காலத்தில், 690இல் இது தொடங்கியது. உள்நாட்டுப் போர்களால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் 120 வருடத்துக்கும் மேல் நின்றுபோனது. பிறகு மறுபடி எடுத்து நடத்தினார்கள். கடைசியாக நடந்தது 2013இல், 62ஆவது முறை. அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025இலேயே, மரம் வெட்டுவதற்கு மலையிடம் அனுமதி கேட்பதிலிருந்து, ஆரம்பித்துவிட்டன.

ஒருமுறை கட்ட ஹினோக்கி எனப்படும் ஜப்பானிய சைப்ரஸ் மரங்கள் ஏறத்தாழ 10,000 வேண்டும். கட்டடத்தோடு முடியவில்லை, தெய்வத்துக்கான ஆடை, வாள், வில், நெசவுக் கருவி என்று 700க்கும் மேற்பட்ட வகைப் பொருட்களையும் பழைய முறையிலேயே புதிதாகச் செய்கிறார்கள். 20 வயதில் உதவியாளாக இருந்த தச்சர் 40 வயதில் தானே பொறுப்பேற்பார், 60 வயதில் சொல்லிக்கொடுப்பார். கைத்தொழில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. மரத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள்: கோயிலின் சொந்தக் காட்டிலேயே ஹினோக்கி வளர்க்க 1923இல் 200 வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மரங்கள் முற்றும்போது நட்டவர்களின் பேரன்களும் இருக்க மாட்டார்கள். பிரித்த கோயிலின் மரத்தையும் வீணாக்குவதில்லை. முகட்டைத் தாங்கும் பெரிய தூண்கள், இசுசு ஆற்றின் உஜி பாலத்து முனைகளில் தோரிகளாக நிற்கின்றன. மற்றவை நாட்டின் பல ஜின்ஜாக்களுக்குப் போகின்றன.

வெளிக்கோயிலில் தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் கமிக்குச் சாப்பாடு படைக்கிறார்கள். சோறு, உப்பு, தண்ணீர், சாக்கே, மீன், கடற்பாசி, காய், பழம். நெருப்பைக்கூட மரத்தோடு மரம் கடைந்துதான் மூட்டுகிறார்கள். அரிசி கோயிலின் சொந்த வயலில் விளைகிறது. இந்தப் பூசையைச் சுற்றுலாப் பயணிகள் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. காலையில் போனால் வெள்ளை உடையில் பூசாரிகள் சரளைக்கல் பாதையில் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். அந்தக் கற்கள் நெரியும் சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. யாருக்காகவும் இல்லாமல், பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒழுங்காக நடக்கும் வேலை அது. நான் இசேயை முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

நம் தெய்வங்கள் அங்கே இருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவர்கள். வரும் வழியில் பெயர், உருவம், குணம் எல்லாம் மாறியிருக்கின்றன. அதனால் ‘எல்லாம் நம்முடையது’ என்று பெருமை பேசுவதைவிட, இங்கே வந்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

சரஸ்வதி இங்கே பென்சாய்தென். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி. நீரோடு உள்ள உறவு மாறவில்லை, பெரும்பாலும் தீவிலோ குளத்தின் நடுவிலோதான் கோயில் இருக்கும். ஆனால் கல்வி, கலையோடு செல்வத்தையும் சேர்த்துக் கொடுக்கிறாள். காமாகுராவின் செனிஅராய் பென்தெனில் ஒரு குகைக்குள் ஊற்று இருக்கிறது. கூடையில் காசை வைத்து அந்தத் தண்ணீரில் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை. எனோஷிமா, பிவா ஏரியின் சிக்குபு தீவு, மியாஜிமா ஆகிய மூன்று தீவுகளும் அவளுக்குப் பெயர்பெற்ற இடங்கள்.

பிள்ளையார் கங்கிதென் அல்லது ஷோதென். யானைத்தலையோடு இரண்டு உருவங்கள் தழுவி நிற்கும் வடிவம் பரவலானது. அந்தச் சிலையைக் காட்டவே மாட்டார்கள், தேடி ஏமாற வேண்டாம். அசாகுசா பக்கம் மாட்சுச்சியாமா ஷோதென் கோயிலுக்குப் போனால் எங்கே பார்த்தாலும் முள்ளங்கிச் சின்னம். படையலும் முள்ளங்கிதான். அங்கேயே வாங்கிப் படைக்கலாம். படைத்த முள்ளங்கியை வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வைத்திருப்பார்கள். கங்கிதென் சிலைக்குப் பூசாரிகள் வெதுவெதுப்பான எண்ணெய் ஊற்றிச் செய்யும் ஒரு ரகசியப் பூசையும் உண்டு. எண்ணெய்க் காப்பு இவ்வளவு தூரம் வந்து தங்கியிருப்பதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஹோமத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நரிதாசான் போங்கள். 940இல் தொடங்கிய கோயில், நரிதா விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்தான். கோமா என்ற பெயரில் தினமும் பலமுறை தீ வளர்க்கிறார்கள். பெரிய முரசு அதிர, மந்திரம் ஓத, அக்கினி மேலே எழும்பும். மக்கள் தங்கள் கைப்பைகளைக் கொடுத்து அந்தத் தீயின் முன்னால் காட்டி வாங்கிக்கொள்வார்கள். வெளிநாட்டினரும் உள்ளே உட்காரலாம்.

இன்னொரு பழைய உறவு நாராவில் இருக்கிறது. தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து சீனா வழியாக 736இல் ஜப்பான் வந்த துறவி. அந்தத் தூரிகையில் நீளக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருக்கும் புண்ணியம் சேரட்டும் என்று. தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோஇன் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய புத்தரின் முன்னால் நிற்கும்போது 15 மீட்டர் உயரத்தை மட்டும் பார்க்காமல் அந்தக் கயிற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுஷிமி இனாரியில் கூட்டம் தாங்க முடியவில்லை என்கிறார்கள். போகலாமா?

போகலாம், ஆனால் விடிகாலையில். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஜேஆர் ரயிலின் இனாரி நிலையத்துக்கு எதிரே வாசல். பத்து மணிக்குப் போனால் ஆயிரம் பேர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆறு மணிக்குப் போனால், அலுவலகம் போகும்முன் வந்து கும்பிடும் உள்ளூர்க்காரர்கள்தான் இருப்பார்கள்.

711இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கோயிலின் தெய்வம் இனாரி, நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரியது. நரி அதன் தூதர். நரியே தெய்வம் இல்லை. மலை முழுக்க நிற்கும் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரிகள் கடைக்காரர்களும் நிறுவனங்களும் நன்றிக்காக வைத்தவை. ஏறும்போது வெறும் சிவப்புத்தான் தெரியும். இறங்கும்போது ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். எல்லாரும் படம் எடுக்கும் முதல் வளைவோடு திரும்பிவிடாதீர்கள். 233 மீட்டர் மலைதான். சுற்றி வர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். மேலே போகப் போகக் கூட்டம் கரைந்து, பாசி படிந்த சின்னச் சின்னக் கல் மேடைகள் வரும். கோயிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படம் எடுக்கலாமா?

வளாகத்தில் பெரும்பாலும் எடுக்கலாம்; மண்டபத்துக்குள் பல இடங்களில் எடுக்கக்கூடாது. இசே உள்கோயிலில் கடைசிக் கல்படிகளுக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். கோயாசான் மலையில் துறவி குகாயின் சமாதிக்குப் போகும் பாலத்தைத் தாண்டினால் கூடாது. கல்யாண ஊர்வலம் வந்தால் எட்ட நின்று எடுங்கள், மணப்பெண்ணின் முகத்துக்கு நேராகப் போகாதீர்கள். கும்பிடுகிறவர்களை முன்பக்கமிருந்து எடுப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. கூட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

காணிக்கை எவ்வளவு போட வேண்டும்? அர்ச்சனைபோல ஏதாவது உண்டா?

எவ்வளவும் போடலாம். ராசியானது என்று பலர் நடுவில் ஓட்டையுள்ள 5 யென் காசைப் போடுவார்கள். தட்டில் காசு கேட்பவர்களோ, வழிமறித்து உதவுவதாகச் சொல்பவர்களோ கிடையாது. சிறப்புப் பிரார்த்தனை வேண்டும் என்றால் அலுவலகத்தில் படிவம் எழுதிக் கொடுக்கலாம். பல இடங்களில் 5,000 யென்னிலிருந்து தொடங்கும். உள்ளே உட்காரவைத்து, பூசாரி உங்கள் பெயரையும் ஊரையும் மந்திரத்தில் சேர்த்துப் படித்து, வெள்ளைக் காகிதக் குச்சத்தைத் தலைக்குமேல் ஆட்டுவார்.

தாயத்து, குறிச்சீட்டு எல்லாம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நினைவுப்பொருளாக நினைக்காதீர்கள். ஓமமோரி என்பது சிறு துணிப்பையில் உள்ள காப்பு. பிரித்துப் பார்க்கக்கூடாது. ஒரு வருடம் ஆனதும் கோயிலில் திருப்பிக் கொடுத்தால் சடங்கோடு எரிப்பார்கள். நாடு திரும்பியவர்கள் மரியாதையாக வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எமா என்பது வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகை, தமிழில் எழுதலாம். படிக்கிற பிள்ளை இருந்தால் கியோத்தோவின் கிதானோ தென்மாங்கூவுக்கோ ஃபுகுஓகா பக்கம் தசாய்ஃபுவுக்கோ போங்கள். பொய்ப்பழி சுமத்தப்பட்டு, தலைநகரிலிருந்து தசாய்ஃபுவுக்கு விரட்டப்பட்டு 903இல் அங்கேயே இறந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே இந்த இரண்டு கோயில்களிலும் கல்வித் தெய்வம். தேர்வு மாதங்களில் அந்தப் பலகைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். அவற்றைப் பார்த்தால் எந்த நாட்டுப் பெற்றோருக்கும் நெஞ்சு இளகும்.

ஓமிகுஜி குறிச்சீட்டு. கெட்டது வந்தால் அங்கே உள்ள கம்பியில் கட்டிவிட்டு வரலாம். மரக்கிளையில் கட்டாதீர்கள், மரம் கெடும். தோக்கியோ மெய்ஜி ஜிங்கூவில் நல்லது கெட்டது சொல்லாமல் பேரரசர் மெய்ஜி, அவருடைய பேரரசி ஆகியோரின் கவிதைகளைக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும்.

கோஷுஇன் என்பது கோயிலின் பெயரையும் தேதியையும் தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை வைத்துத் தருவது. பெரும்பாலும் 300இலிருந்து 500 யென். கும்பிட்டபின்தான் வாங்க வேண்டும். அதற்கென்று உள்ள மடிப்புப் புத்தகத்தில்தான் எழுதுவார்கள், கையில் உள்ள நோட்டில் கேட்காதீர்கள்.

ஜப்பானியர்களுக்கு மத நம்பிக்கையே இல்லை என்று படித்தேனே?

கேட்டால் ‘எனக்கு மதம் இல்லை’ என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அவர்களே பிறந்த குழந்தையை ஜின்ஜாவுக்குத் தூக்கிப்போவார்கள். நவம்பர் 15ஐ ஒட்டி 3, 5, 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கூட்டிப்போவார்கள். புத்தாண்டின் முதல் மூன்று நாளில் மெய்ஜி ஜிங்கூவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் போவார்கள். இறந்தால் புத்த பிக்கு வருவார். அரசின் புள்ளிவிவரத்தில் ஷிந்தோ, பௌத்த அமைப்புகள் தரும் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடும். ஒரே ஆள் இரண்டிலும் இருப்பதில் இங்கே யாருக்கும் முரண் தெரிவதில்லை. மதம் என்றால் ஒரு கொள்கையில் சேர்வது என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் போவது வாழ்க்கையின் ஒழுங்கு. என் தெருமுனையிலுள்ள சின்ன இனாரி ஜின்ஜாவைத் தினமும் பெருக்கும் தாத்தாவிடம் மதம் பற்றிப் பேச்செடுத்தால் சிரித்துக்கொண்டே பெருக்குவார்.

வீட்டில் இறப்பு நடந்திருக்கிறது. போகலாமா?

இங்கேயும் தீட்டு உண்டு. நெருங்கிய உறவினர் இறந்தால் 50 நாட்கள் ஜின்ஜாவுக்குப் போவதைத் தவிர்ப்பார்கள். பௌத்தக் கோயிலுக்கு அந்தத் தடை இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கோயாசான் மலையில் கிடைக்கும். 816இல் துறவி குகாய்க்குக் கொடுக்கப்பட்ட அந்த மலையில் சுமார் 50 மடங்கள் தங்க இடம் தருகின்றன. இரவும் காலையும் ஷோஜின் உணவுதான்: மீன் சாறுகூடச் சேர்க்காத, வெங்காயம் பூண்டு இல்லாத சமையல். காலைப் பூசையிலும் உட்காரலாம். மற்ற ஊர்க் கடைகளில் ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னாலும் குழம்பில் மீன் சாறு இருக்கும், அதனால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாசுகுனிக்குப் போகலாமா?

தடை இல்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள். போரில் இறந்தவர்களுக்காக 1869இல் தோக்கியோவில் அமைத்த ஜின்ஜா. அங்கே சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 24.6 லட்சம் பேரில், 1978இல் சேர்க்கப்பட்ட முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரும் அடக்கம். பேரரசர் ஒருவர் கடைசியாகப் போனது 1975இல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையின் கீழ் சயாம்-பர்மா ரயில்பாதை வேலையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் வேடிக்கை பார்க்கும் இடங்களின் பட்டியலில் நான் அதைச் சேர்ப்பதில்லை.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே கூட்டிப்போவது?

ஷிகோகு தீவின் கொன்பிரா மலைக்கோயிலுக்குப் போகவே வேண்டாம். மூலக் கோயிலுக்கே 785 படிகள். நிக்கோவும் படிகள் நிறைந்தது. மெய்ஜி ஜிங்கூ சமதளம். மியாஜிமாவின் இத்ஸுகுஷிமா ஜின்ஜா கடல்மேல் பலகைத் தளத்தில் இருப்பதால் நடக்க எளிது. கடலில் நிற்கும் அதன் பெரிய தோரி 1875இல் வைத்தது, நிலத்தில் புதைக்காமல் தன் எடையாலேயே நிற்கிறது. நீர் ஏறும் நேரம், வடியும் நேரம் பார்த்துக்கொண்டு போங்கள்.

தோக்கியோவில் ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மெய்ஜி ஜிங்கூ சூரிய உதயத்தில் திறக்கும். அப்போதே போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் காணும் பெருங்காடு இயற்கையாக முளைத்தது இல்லை. 1920இல் கோயில் எழும்பியபோது நாடெங்கும் இருந்து மக்கள் கொடுத்த சுமார் 1 லட்சம் மரங்களை நட்டு உருவாக்கியது. பாதையில் விழும் இலைகளைப் பெருக்கி மறுபடி காட்டுக்குள்ளேயே போடுகிறார்கள். அங்கே ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். அப்புறம் மெட்ரோவில் அசாகுசா. சென்சோஜி, பக்கத்து அசாகுசா ஜின்ஜா, அங்கிருந்து பத்து நிமிட நடையில் முள்ளங்கிப் பிள்ளையாரின் மாட்சுச்சியாமா. சென்சோஜியில் நெருக்கித் தள்ளும் கூட்டம், இங்கே பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும். சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. படி ஏற முடியாதவர்களுக்கு இலவசமாக ஒரு சிறு மின்வண்டி ஓடுகிறது.